மேசைக்கணினி வரைபடத்தைப் பொதுமக்களின் கேள்விக்குத் திறப்பது எப்படி?

கியூஜிஐஎஸ் போன்ற வரைபட மென்பொருளில் ஒரு மனையைச் சுட்டினால் அதன் எண், பரப்பு, பயன்பாட்டு மண்டலம் எல்லாம் பக்கத்தில் பட்டியலாக விரிகிறது. அந்த மென்பொருளையே பார்த்திராத ஒருவருக்கும் தன் கைபேசியில் இதே விடை கிடைக்க வேண்டும். அதற்கு நடுவில் என்னென்ன வேண்டும், எது எதனோடு பேசுகிறது, எங்கெங்கே அறுந்துபோகும் என்பதே இந்தக் கட்டுரை. எடுத்துக்காட்டுகள் கியூஜிஐஎஸ்ஸை ஒட்டியே இருக்கும். அது இலவசம் என்பது ஒரு காரணம். மேசையில் வரைகிற அதே எஞ்சின் சர்வரிலும் வரைகிறது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

இணையத்தோடு இணைப்பது என்றதும் தங்கள் கணினியையே வெளியுலகத்துக்குத் திறந்துவிட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்யவே கூடாது. உங்கள் கணினி இரவில் உறங்கும், முகவரி மாறும், நீங்கள் திருத்திக்கொண்டிருக்கும் பாதி வேலை வெளியே தெரியும். நீங்கள் வரைபடத்தை மேசையில் வடிவமைக்கிறீர்கள். எப்போதும் விழித்திருக்கும் வேறொரு கணினி அதை மக்களுக்குக் காட்டுகிறது. இரண்டுக்கும் பொதுவானது, எந்தத் தரவு, எந்த நிறம் என்பதைச் சேமித்து வைக்கும் உங்கள் புராஜெக்ட் கோப்பு.

சங்கிலி இப்படிப் போகிறது. பார்ப்பவரின் பிரௌசரில் லீஃப்லெட் அல்லது ஓப்பன்லேயர்ஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தால் ஆன ஒரு பக்கம் ஓடுகிறது. அது அப்பாச்சி அல்லது என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரிடம் கேட்கிறது. வெப் சர்வர், வேண்டுகோளை வேறொரு நிரலுக்குக் கடத்தும் ஃபாஸ்ட்சிஜிஐ என்ற இணைப்பு முறை வழியாகக் கியூஜிஐஎஸ் சர்வரை எழுப்புகிறது. இது திரையும் மௌஸும் இல்லாத கியூஜிஐஎஸ் என்று சொல்லலாம். அது உங்கள் புராஜெக்ட் கோப்பைத் திறந்து, அதில் சொன்ன இடத்திலிருந்து தரவை எடுத்து, நீங்கள் தீட்டிய அதே நிறத்தில் படம் வரைந்து திருப்பி அனுப்புகிறது. ஏதாவது வேலை செய்யாமல் போனால் இந்தக் கண்ணிகளில் எது அறுந்தது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பதுதான் வழி.

மூன்று வேண்டுகோள்கள்

பிரௌசரும் வரைபட சர்வரும் பேசிக்கொள்ளும் மொழிக்கு டபிள்யூஎம்எஸ் என்று பெயர். ஓஜிசி என்ற தர அமைப்பு இதன் முதல் பதிப்பை 2000-இல் வெளியிட்டது. இன்று புழக்கத்தில் இருப்பவை 1.1.1, 1.3.0 என்ற இரு பதிப்புகள். தொடக்கத்தில் மூன்று வேண்டுகோள்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

கெட்கேப்பபிலிட்டீஸ், 'உன்னிடம் என்னென்ன இருக்கிறது?' என்று கேட்கிறது. லேயர்களின், அதாவது மனை, சாலை என வகைவகையான தரவு அடுக்குகளின், பட்டியல் விடையாக வரும். கெட்மேப், 'இந்தப் பரப்பை இத்தனை பிக்சல் அகல உயரத்தில் படமாகக் கொடு' என்கிறது. நமக்கு முக்கியமானது மூன்றாவதான கெட்ஃபீச்சர்இன்ஃபோ: 'இந்தப் புள்ளியில் என்ன இருக்கிறது?'

இந்த மூன்றாவது வேண்டுகோள் நடக்கும் விதம் பலருக்கும் புதிதாக இருக்கும். தொட்ட இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைப் பிரௌசர் அனுப்புவதில்லை. திரையில் தெரியும் படத்தின் நான்கு எல்லைகள், அதன் அகல உயரம், அந்தப் படத்தில் தொடப்பட்ட பிக்சல் எது என்பவற்றை அனுப்புகிறது. படம் 800க்கு 600 பிக்சல், தொட்டது 400, 300 என்றால் நட்டநடுவே என்று சர்வர் கணக்கிட்டுக்கொள்ளும். ஆகவே படத்தின் அளவு ஒன்றாகவும் அனுப்பிய அளவு வேறாகவும் இருந்தால் பிழைச் செய்தி எதுவும் வராது. பக்கத்து மனையின் விவரம் வரும். மேலே சொன்ன இரு நூலகங்களில் ஓப்பன்லேயர்ஸ் இந்தக் கணக்கைத் தானே போட்டு வேண்டுகோள் முகவரியை அமைத்துத் தருகிறது. லீஃப்லெட்டில் அதை நீங்கள் எழுத வேண்டும், அல்லது கூடுதல் வசதி தரும் ஒரு துணைச்செருகலைச் சேர்க்க வேண்டும். பதிப்பு 1.1.1-இல் பிக்சலுக்கு எக்ஸ், ஒய் என்றும் 1.3.0-இல் ஐ, ஜே என்றும் பெயர். கையால் முகவரி எழுதிச் சோதிக்கும்போது தடுமாறும் இடம் இது.

ஒரு வேண்டுகோளுக்கு எத்தனை விடை என்பதையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஒரு லேயருக்கு ஒரு விடைதான் வரும். இரு மனைகள் சேரும் எல்லைக்கோட்டை ஒருவர் தொட்டால் இரண்டில் எது வரும் என்பதற்கு உறுதியில்லை. ஐந்து அல்லது பத்து என்று கேட்டு, ஒன்றுக்கு மேல் வந்தால் எல்லாவற்றையும் காட்டுவதே நேர்மை. புள்ளிகளுக்கும் கோடுகளுக்கும் வேறு சிக்கல் உண்டு: ஒரு பிக்சல் அகலக் கோட்டை விரலால் துல்லியமாகத் தொட யாராலும் முடியாது. கியூஜிஐஎஸ் சர்வரில் புள்ளி, கோடு, பரப்பு மூன்றுக்கும் தனித்தனியே எத்தனை பிக்சல் தூரம்வரை தேடலாம் என்று வேண்டுகோளிலேயே குறிப்பிடலாம். கைபேசிக்காகச் செய்யும் பக்கத்தில் இதைத் தாராளமாக வையுங்கள்.

எந்தக் கேள்விக்கு விடை?

நிறுவுவதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து, மக்கள் என்ன கேட்பார்கள் என்று எழுதுங்கள். இதை வலியுறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நூறு லேயர் கொண்ட வேலைப் புராஜெக்டை அப்படியே ஏற்றிவிட்டால் யாருக்கும் எதுவும் கிடைக்காது. கிடைக்கக் கூடாததும் கிடைத்துவிடும். நாம் வெளியிட வேண்டியது சில கேள்விகளுக்கான விடைகளை மட்டுமே.

கேள்விகள் பெரும்பாலும் மூன்று வகையில் அடங்கும். இடத்தைக் காட்டி 'இங்கே என்ன?' என்பது ஒன்று. மேலே பார்த்த கெட்ஃபீச்சர்இன்ஃபோ அதற்குப் போதும். எண்ணையோ பெயரையோ சொல்லி 'இது எங்கே?' என்பது இரண்டாவது. அதற்குத் தேடல் பெட்டி வேண்டும். 'இங்கிருந்து 500 மீட்டருக்குள் என்னென்ன?' என்பது மூன்றாவது; அதற்குத் தரவுத்தளம் வேண்டும்.

மூன்றாவது வகையில் ஒரு பொறி இருக்கிறது. இணைய வரைபடங்கள் பெரும்பாலும் ஈபிஎஸ்ஜி 3857 என்ற ஆயத்தொலைவு முறையில் வரையப்படுகின்றன. அதன் அலகு மீட்டர் என்றாலும் நிலநடுக்கோட்டை விட்டு விலக விலக நீளம் மிகைப்படும். 60 பாகை அட்சரேகையில் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அங்கே 500 அலகு என்று தேடினால் தரையில் ஏறத்தாழ 250 மீட்டர்தான் தேடியிருப்பீர்கள். தூரத்தை அந்தப் பகுதிக்குரிய ஆயத்தொலைவு முறையிலோ, தரவுத்தளத்துக்கு இடத் தரவைக் கையாளும் திறன் தரும் போஸ்ட்ஜிஐஎஸ்ஸின் ஜியோகிராஃபி வகையிலோ கணக்கிட வேண்டும். 3857-ஐ வரைவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சர்வரே இல்லாமல் முடியுமா?

முடியும். சில நூறு புள்ளிகள், மாதக்கணக்கில் மாறாத தரவு, எல்லா விவரமும் பொதுவெளிக்கு உரியது என்றால் கியூஜிஐஎஸ்2வெப் என்ற துணைச்செருகல் போதும். அது தரவையும் நிறங்களையும் சேர்த்து ஒரு கோப்புறையாகத் தரும். அதைச் சாதாரண இணைய இடத்தில் ஏற்றினால் சுட்டும் வசதியோடு வரைபடம் தயார். சர்வர் பராமரிக்க ஆளில்லாத இடங்களுக்கு இதையே பரிந்துரைக்கிறோம்.

ஆனால் இந்த முறையில் தரவு முழுவதும் பார்ப்பவரின் பிரௌசருக்குப் போய்விடுகிறது. திரையில் காட்டாத ஃபீல்டும், அதாவது எண், பெயர் போன்ற ஒரு விவரமும், கோப்புக்குள் இருந்தால் எவரும் எடுக்கலாம். எடையும் ஏறும். ஜியோஜேசன் என்ற எழுத்துவடிவக் கோப்பாகச் சேமிக்கும்போது கியூஜிஐஎஸ் இயல்பாகவே 15 தசம இடம் எழுதுகிறது. பாகையில் 6 தசம இடமே ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் துல்லியம். மீதி ஒன்பது இலக்கமும் வெறும் சுமை. ஏற்றுமதிப் பெட்டியில் அந்த எண்ணை 6 ஆக்கினால் கோப்பு கணிசமாக இளைக்கும். பல்லாயிரம் மனைகள், அன்றாடம் மாறும் தரவு, மறைக்க வேண்டிய விவரம், இவற்றில் ஒன்று இருந்தாலும் சர்வருக்குப் போய்விடுங்கள்.

தரவைத் தயார் செய்தல்

ஷேப்ஃபைல் என்ற பழைய கோப்பு வடிவத்தை விட்டு வெளியே வாருங்கள். அதன் பண்புப் பட்டியல் டிபிஎஃப் என்ற பழைய வடிவம். ஃபீல்டு பெயருக்கு 10 பைட், எழுத்து மதிப்புக்கு 254 பைட்தான் இடம். யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் ஆகும். அப்படியானால் ஃபீல்டு பெயரில் மூன்று குறியீடு, மதிப்பில் 84 குறியீடு. புள்ளியும் துணைக்காலும் தனிக் குறியீடுகள் என்பதால் நீளமான முகவரி பாதியில் வெட்டுப்படுவது உறுதி. திருத்துபவர் ஒருவர்தான் என்றால் ஜியோபேக்கேஜ் என்ற ஒற்றைக் கோப்பு வடிவம் போதும். பலர் திருத்துவார்கள், தேடல் வேண்டும் என்றால் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் போஸ்ட்ஜிஐஎஸ்.

ஜியோபேக்கேஜை சர்வருக்கு நகலெடுக்கும்போது கியூஜிஐஎஸ்ஸை மூடிவிட்டே செய்யுங்கள். திறந்திருக்கும்போது அதே பெயரில் வால் (wal), எஸ்எச்எம் (shm) என முடியும் இரு துணைக்கோப்புகள் பக்கத்தில் தோன்றும். கடைசியாகச் செய்த திருத்தங்கள் அந்த வால் கோப்பில்தான் இருக்கலாம். முதன்மைக் கோப்பை மட்டும் எடுத்துப் போனால் பழைய தரவே போய்ச் சேரும். நேற்று திருத்தியது ஏன் தெரியவில்லை என்ற கேள்விக்கு இது அடிக்கடி காரணமாக இருக்கிறது.

போஸ்ட்ஜிஐஎஸ்ஸில் மூல அட்டவணையை நேரடியாக வெளியிடாதீர்கள். பொதுவெளிக்கு உரிய ஃபீல்டுகளை மட்டும் எடுத்து, மூல அட்டவணையின் ஒரு பகுதியை மட்டும் காட்டும் ஒரு வியூ உண்டாக்குங்கள்: மனை எண், மண்டலம், பரப்பு, தரவின் தேதி. உரிமையாளர் பெயரும் தொலைபேசி எண்ணும் அந்த வியூவில் இடம்பெறவே கூடாது. பிறகு, அந்த வியூவைப் படிக்க மட்டும் அனுமதி பெற்ற தனிப் பயனர் கணக்கை உண்டாக்கி, சர்வர் அதன் வழியாகவே இணையும்படி செய்யுங்கள். வரைபடப் பக்கத்தில் ஓட்டை விழுந்தாலும் அந்தக் கணக்கால் வேறெதையும் தொட முடியாது. வியூவில் ஒவ்வொரு வரிக்கும் தனித்த எண் கொண்ட ஒரு ஃபீல்டு இருக்க வேண்டும். சேர்க்கும்போது அதையே அடையாள ஃபீல்டாகக் கியூஜிஐஎஸ்ஸிடம் காட்டுங்கள். தவறான ஃபீல்டைக் காட்டினால் ஒரு மனையைச் சுட்ட வேறொன்று வரும். மூல அட்டவணையின் வடிவ ஃபீல்டுக்கு தேடலை வேகப்படுத்தும் ஜிஸ்ட் வகை இண்டெக்ஸ் போட மறக்க வேண்டாம். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு சுட்டலுக்கும் முழு அட்டவணையும் படிக்கப்படும்.

தேடல் பெட்டிக்கு என்று தனி ஃபீல்டு வைப்பது பெரிய பலன் தரும். மனை எண்ணை ஒருவர் 12/3ஏ என்பார், இன்னொருவர் 12-3 ஏ என்று இடைவெளி விடுவார். இடைவெளி, கோடு, சாய்கோடு எல்லாவற்றையும் நீக்கிய வடிவத்தைத் தேடல் ஃபீல்டில் வைத்து, பயனர் தட்டியதையும் அதே வழியில் சுத்தம் செய்து ஒப்பிடுங்கள். பயனர் தட்டியதை அப்படியே எஸ்கியூஎல் என்ற தரவுத்தள வினவல் வாக்கியத்தில் ஒட்டக் கூடாது. எப்போதும் வாக்கியத்திலிருந்து பிரித்து, அளவுருவாகவே கொடுக்க வேண்டும்.

தமிழ்ப் பெயர்களில் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரு விதமாக எழுத முடியும்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றே ஒன்று, அல்லது எகரக் கொம்பும் துணைக்காலும் தனித்தனியாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு வேறு வேறு. தரவு ஒரு விதத்திலும் தட்டச்சு மறு விதத்திலும் இருந்தால் பெயர் எதிரிலேயே இருந்தும் 'கிடைக்கவில்லை' என்றே வரும். போஸ்ட்கிரெஸ் 13 முதல் நார்மலைஸ் என்ற செயற்பாடு உண்டு. தரவையும் கேள்வியையும் அதன் வழியே என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவத்துக்குக் கொண்டுவந்தால் தீரும். தரவு யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக் குறியாக்கத்தில் இருந்தால் முதலில் அதை மாற்றியே ஆக வேண்டும்.

புராஜெக்டில் செய்ய வேண்டியவை

பொதுமக்களுக்கென்று தனிப் புராஜெக்ட் தொடங்குங்கள். வேலைப் புராஜெக்டில் லேயரை அணைத்து வைப்பது மறைப்பது ஆகாது. வலைப்பக்கத்தில் பெயர் இல்லாவிட்டாலும் கெட்கேப்பபிலிட்டீஸ் பட்டியலில் அது வரும். வரும் என்றால் எவரும் கேட்டு வாங்கலாம்.

புராஜெக்ட் பண்புகளில் கியூஜிஐஎஸ் சர்வர் என்ற பகுதி இருக்கிறது. அங்கே வெளியிடும் பரப்பெல்லையைக் குறியுங்கள், ஆயத்தொலைவு முறைகளைத் தேவையான இரண்டு மூன்றுக்குள் அடக்குங்கள், கெட்மேப் படத்தின் அதிகபட்ச அகல உயரத்துக்கு ஒரு வரம்பு போடுங்கள். 2048 பிக்சல் பெரும்பாலான திரைகளுக்குப் போதும். வரம்பில்லாத சர்வரை ஒரே ஒரு மாபெரும் படக் கோரிக்கை மூச்சுத்திணற வைக்கும். அதே பகுதியில் டபிள்யூஎஃப்எஸ் பட்டியலும் இருக்கும். அது படத்துக்குப் பதில் தரவையே முழுதாகக் கொடுக்கும் சேவை. சுட்டிப் பார்ப்பதற்கு அது வேண்டாம். தேவையில்லாமல் டிக் செய்யாதீர்கள். சேர்த்தல், திருத்தல், நீக்கல் பெட்டிகளைப் பொதுச் சர்வரில் தொடவே வேண்டாம்.

லேயர் ஒவ்வொன்றுக்கும் அதன் பண்புகளில் ஆங்கில எழுத்தில் இடைவெளியில்லாத குறும்பெயர் கொடுங்கள். முகவரியில் அதுவே பயன்படும்; மக்கள் பார்க்கும் தலைப்பு தமிழிலேயே இருக்கலாம். ஃபீல்டுகளுக்கு மாற்றுப்பெயர் கொடுத்தால் விடையில் 'மண்டலக் குறியீடு' என்று தமிழில் வரும். வெளியே போகக் கூடாத ஃபீல்டை டபிள்யூஎம்எஸ் வழியாக வெளியிடாதபடி அமைத்துவிடுங்கள். வியூவிலேயே நீக்கியிருந்தால் இது இரண்டாவது பூட்டு. சுட்டினால் எந்த லேயர் பதில் சொல்ல வேண்டும் என்பதைத் தரவு மூலங்கள் பகுதியில் முடிவு செய்யலாம். பின்னணிக்கு வைத்த சாலையும் எல்லையும் பதில் சொல்லத் தேவையில்லை.

கோப்புப் பாதைகளைச் சார்புப் பாதையாகச் சேமிக்கவும். தரவுத்தளக் கடவுச்சொல்லைப் புராஜெக்டுக்குள் வைக்க வேண்டாம். க்யூஜிஎஸ் கோப்பு வெறும் எக்ஸ்எம்எல். க்யூஜிஇசட் அதன் ஜிப் வடிவம். இரண்டையும் யாரும் திறந்து படிக்க முடியும். கடவுச்சொல்லைச் சர்வரில் போஸ்ட்கிரெஸ் சர்வீஸ் கோப்பில் வைத்து, புராஜெக்டில் அந்தச் சர்வீஸ் பெயரை மட்டும் குறிப்பிடுங்கள். புராஜெக்ட் கோப்புறையும் வெப் சர்வர் வெளியிடும் கோப்புறைக்கு வெளியே இருக்கட்டும்.

சர்வரில் ஏற்றிய பிறகு

மேசையிலும் சர்வரிலும் ஒரே பதிப்பு இருப்பது நல்லது; நீண்டகால ஆதரவுப் பதிப்பையே இரு இடத்திலும் வையுங்கள். புதியதில் சேமித்ததைப் பழையதில் திறந்தால் சில நிற அமைப்புகள் காணாமல் போகும்.

முதல் சோதனையை வலைப்பக்கம் இல்லாமல் செய்யுங்கள். கெட்கேப்பபிலிட்டீஸ் முகவரியைப் பிரௌசரில் நேரடியாக அடித்தால் எக்ஸ்எம்எல் பட்டியல் வர வேண்டும். வராவிட்டால் பிழை வெப் சர்வரிலோ புராஜெக்டிலோதான். ஜாவாஸ்கிரிப்டைத் தோண்டிப் பயனில்லை. ஒரே ஒரு லேயரின் தரவு கிடைக்காவிட்டாலும் கியூஜிஐஎஸ் சர்வர் இயல்பாக முழுப் புராஜெக்டையும் ஏற்க மறுத்துவிடும். உடைந்த லேயரைப் புறக்கணிக்கச் சொல்லும் அமைப்பு உண்டு என்றாலும் உடைந்ததைச் சரிசெய்வதே மேல். விண்டோஸிலிருந்து லினக்ஸுக்குப் போகும்போது உடைவதற்கு முதற்காரணம் கோப்புப் பெயர்: லினக்ஸில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு. அடுத்த காரணம் படிக்கும் அனுமதி. கோப்பு உங்கள் கணக்கில் இருக்கும், வெப் சர்வர் வேறு கணக்கில் ஓடும்.

படம் வருகிறது, ஆனால் தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன என்றால் சர்வரில் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். மேசையில் பயன்படுத்திய அதே எழுத்துருவை அங்கேயும் நிறுவி, கியூஜிஐஎஸ் சர்வரை மறுதொடக்கம் செய்யுங்கள். சொந்தமாக வரைந்த எஸ்விஜி சின்னங்களுக்கும் இதே கதைதான்.

படம் வெறுமையாக வந்தால் ஆயத்தொலைவு வரிசையைப் பாருங்கள். 1.3.0 பதிப்பில் ஈபிஎஸ்ஜி 4326 பயன்படுத்தினால் அட்சரேகை முதலில் வர வேண்டும், 1.1.1-இல் தீர்க்கரேகை முதலில். மாற்றிக் கொடுத்தால் உலகின் வேறு மூலையைக் கேட்டிருப்பீர்கள். 3857-இல் இந்தக் குழப்பம் இல்லை.

படம் வருகிறது, சுட்டினால் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை என்ற நிலை மிகவும் பொதுவானது. படத்தை எந்த முகவரியிலிருந்தும் பிரௌசர் காட்டும். ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் இன்னொரு முகவரியிலிருந்து தரவைப் படிக்க அந்தச் சர்வரின் அனுமதித் தலைப்பு வேண்டும். இதைத்தான் கார்ஸ் என்கிறார்கள். வலைப்பக்கத்தையும் வரைபட சர்வரையும் ஒரே முகவரியின் கீழ் வைத்துவிட்டால் இந்தப் பேச்சே எழாது. வலைப்பக்கம் எச்டிடிபிஎஸ்ஸில் இருந்து சர்வர் வெறும் எச்டிடிபியில் இருந்தாலும் பிரௌசர் தடுத்துவிடும்.

நிரல் எழுத ஆள் இல்லையென்றால் லிஸ்மேப்பைப் பாருங்கள். மேசையில் ஒரு துணைச்செருகல், சர்வரில் அதன் வலைப்பகுதி. எந்த லேயரில் சுட்டினால் விவரம் வரவேண்டும், எந்த ஃபீல்டை வைத்து இடம் தேடலாம் என்பதைக் கியூஜிஐஎஸ்ஸுக்குள்ளேயே தேர்ந்தெடுக்கலாம். கியூடபிள்யூசி என்ற வலைப்பகுதியும் இதே வேலையைச் செய்யும்.

வேகத்துக்காகப் படங்களை 256 பிக்சல் ஓடுகளாக வெட்டிச் சேமித்து வைக்கும் மேப்பிராக்ஸி போன்ற கருவிகள் உண்டு. உருப்பெருக்க நிலை ஒவ்வொன்று ஏறும்போதும் ஓடுகளின் எண்ணிக்கை நான்கு மடங்காகும். உலகம் முழுவதுக்கும் 10ஆம் நிலையிலேயே 10,48,576 ஓடுகள் என்பதால் உங்கள் பரப்பெல்லைக்கு மட்டும் வெட்டுங்கள். சேமிக்கப்படுவது படம்தான், சுட்டலுக்கான விடை நேராகத் தரவிலிருந்தே வரும். எனவே மண்டலம் மாறிய மறுநாள், படத்தில் மனை பழைய நிறத்தில் இருக்க, சுட்டினால் புதிய மண்டலம் வரும். பார்ப்பவர் எதை நம்புவார்? தரவைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பகுதியின் ஓடுகளை அழிக்கும் கட்டளையையும் அதே நிரலில் சேர்த்துவிடுங்கள். ஒவ்வொரு விடையிலும் தரவு எந்தத் தேதிக்குரியது என்ற வரியும் கட்டாயம் இருக்கட்டும்.